பிரெஞ்ச் பின்னல் பயிற்சித் தொகுப்பு: வீட்டில் பழகுவோருக்கு எவ்வளவு உதவும்?

பெண் குழந்தைக்கு வீட்டிலேயே பிரெஞ்ச் பின்னல் போடப் பழக விரும்பும் பெற்றோருக்கென்று இணையக் கடைகளில் இப்போது பயிற்சித் தொகுப்புகள் விற்கப்படுகின்றன. நீண்ட செயற்கை முடி பதித்த ஒரு பொம்மைத் தலை, அதை மேசை விளிம்பில் முறுக்கிப் பொருத்தும் பிடி, கூர்வால் சீப்பு, முடியை ஒதுக்கிப் பிடிக்கும் நீண்ட கிளிப்புகள், ஒரு பொட்டலம் சிறு ரப்பர் பேண்டுகள், பின்னும் வேலையை எளிதாக்கும் என்று சொல்லப்படும் சில பிளாஸ்டிக் கருவிகள், படங்கள் அச்சிட்ட ஒரு விளக்கத் தாள் ஆகியவை ஒரே பெட்டியில் வருகின்றன. ஆயிரம் ரூபாயைச் சற்றே தாண்டிய விலையில் அப்படியொன்றை வாங்கி, இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து பயன்படுத்தி வருகிறேன். மனைவி விடிகாலையிலேயே பணிக்குக் கிளம்பிவிடுவதால், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. வழக்கமான இரட்டைச் சடை எனக்கு முன்பே கைவந்திருந்தது. ஆனால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் உள்ள குட்டை முடிகள் மதியத்திற்குள் சடையிலிருந்து நழுவி அவள் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தன. நெற்றியிலிருந்தே முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு வரும் பிரெஞ்ச் பின்னலில் அந்தக் குட்டை முடிகளும் அகப்பட்டுக்கொள்ளும் என்பதுதான் இதைக் கற்கத் தொடங்கியதற்குக் காரணம்.

தொகுப்பை மதிப்பிடுவதற்கு முன், இந்தப் பின்னலில் கடினமானது எது என்பதைச் சொல்லியாக வேண்டும். சாதாரணச் சடையில் முடி முழுவதையும் தொடக்கத்திலேயே மூன்று கால்களாகப் பிரித்துவிடுகிறோம். அதன்பின் வலப்பக்கக் காலை நடுக்காலின் மேலாகவும், இடப்பக்கக் காலை நடுக்காலின் மேலாகவும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போனால் போதும். பிரெஞ்ச் பின்னலில், உச்சிக்கு முன்னால் ஒரு சிறு கற்றையை மட்டும் எடுத்து மூன்று கால்களாகப் பிரித்துத் தொடங்குகிறோம்; இரண்டொரு மாற்று போட்டபின், ஒவ்வொரு முறை பக்கக் காலை நடுவே கொண்டுவருவதற்கு முன்பும், அந்தப் பக்கத்துத் தலையிலிருந்து மெல்லிய ஒரு பட்டையைப் புதிதாக எடுத்து அந்தக் காலோடு சேர்த்துக்கொள்கிறோம். பிடரிக்கு வருவதற்குள் தலையின் முடி முழுவதும் பின்னலுக்குள் வந்திருக்க வேண்டும். அங்கிருந்து கீழே அது சாதாரணச் சடைதான். மூன்று கால்களையும் கைநழுவ விடாமல் பிடித்துக்கொண்டே நான்காவதாக ஒரு பட்டையைப் பிரித்தெடுக்க வேண்டியிருப்பதும், எடுத்த பட்டையின் இழுவை ஏற்கெனவே கையில் உள்ள கால்களின் இழுவையோடு ஒத்திருக்க வேண்டியதும்தான் புதியவர்களைத் திணறடிக்கின்றன. முதலாவது வரிசைமுறை, விரல்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய ஒன்று. இரண்டாவது தொடு உணர்வு. பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதது. தொகுப்பிலுள்ள ஒவ்வொரு பொருளும் இந்த இரண்டில் எதற்கு உதவுகிறது என்ற ஒரே அளவுகோலைக் கொண்டுதான் அவற்றை எடைபோட்டிருக்கிறேன்.

பொம்மைத் தலை வரிசைமுறையை மிக நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது. இரவு குழந்தை உறங்கியபின் மேசையோரம் அமர்ந்து, பாதியில் நிறுத்தி, விரல்கள் எங்கே இருக்கின்றன என்று நிதானமாகப் பார்த்து, அவிழ்த்து, மறுபடியும் தொடங்கலாம். உயிருள்ள தலையில் இதற்கு வாய்ப்பில்லை. ஏழு வயதுக் குழந்தையிடம் அசையாமல் உட்காரும் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. வலக்கை மூன்று கால்களில் இரண்டைப் பிடித்திருக்கும்போது இடக்கையின் சுண்டுவிரலால் புதிய பட்டையைக் கோதி எடுக்கும் அசைவை நான் பழகியது இந்தத் தலையில்தான். அந்த ஒன்றுக்காகவே தொகுப்புக்குக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி தகும் என்பேன்.

ஆனால் இரண்டாவது பாடத்தை, அதாவது இழுவையை, பொம்மைத் தலையால் கற்றுத்தர இயலாது. அது வலிக்கிறது என்று சொல்லாது. அதன் முடி செயற்கை இழை. உண்மையான முடியைவிட வழவழப்பானது, நீரை உறிஞ்சாது, உலர்ந்த சீப்பால் வாரினால் மின்னேற்றம் கொண்டு பறக்கும். இழைகள் ரப்பர் தோலில் வரிசை வரிசையாகக் கொத்துக் கொத்தாகப் பதிக்கப்பட்டிருப்பதால், வரிசைகளுக்குக் குறுக்கே வகிடெடுத்தால் இடையிலுள்ள வெற்றுத் தோல் தெரிகிறது. குழந்தையின் தலையில் எந்தத் திசையிலும் வகிடெடுக்கலாம் என்ற சுதந்திரம் இங்கே இல்லை. நெற்றியோரப் பூனைமுடிகளும் இதில் கிடையாது. பிரெஞ்ச் பின்னலைக் கற்க வேண்டிய காரணமே அந்த முடிகள்தான் என்பதால், இதை ஒரு பெரிய குறையாகவே கருதுகிறேன். சில வாரப் பயன்பாட்டில் இழைகளின் நுனி பஞ்சுபோல் சிலிர்த்துச் சிக்குப் பிடித்துவிட்டது. துணிகளை மென்மையாக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, முடியை அதில் ஊறவைத்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சீவி நிழலில் உலர்த்தினால் ஓரளவு மீள்கிறது. மனித முடியும் இழையும் கலந்த தலைகள் இதைவிட அதிக விலையில் கிடைக்கின்றன. அழகுக்கலை படிப்பவர்களுக்கு அவை தேவைப்படலாம், வீட்டில் பழகுவோருக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

மேசைப் பிடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆனது. திருகும் விரிவதற்கு ஓர் எல்லை உண்டு. தடித்த மரப் பலகை கொண்ட எங்கள் சாப்பாட்டு மேசையில் பிடி ஏறவே இல்லை. பிள்ளைகள் எழுதும் மெல்லிய பலகை மேசையில்தான் பொருந்தியது. அதிலும் பட்டையைச் சற்று அழுத்தி இழுத்தால் தலை மெல்லச் சுழல்கிறது. பிடிக்கும் மேசைக்கும் இடையில் மடித்த துணி ஒன்றை வைத்தபின் நின்றது. எந்த உயரத்தில் பொருத்துகிறோம் என்பதும் முக்கியம்: குழந்தை முக்காலியில் அமர்ந்திருக்கும்போது அவள் உச்சி நம் மார்புக்கு நேராக வரும் அல்லவா, அதே உயரத்தில் பொம்மையின் உச்சியும் இருந்தால்தான் கை பழகிய கோணம் மறுநாள் காலையில் பயன்படும்.

கூர்வால் சீப்பு இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த பொருள், மிக மலிவானதும் அதுதான். இரட்டைப் பின்னலுக்கு நெற்றி நடுவிலிருந்து பிடரிவரை நேர்வகிடு எடுப்பதற்கும், பட்டைகளை ஒரே அகலத்தில் பிரிப்பதற்கும் அதன் வால் விரலைவிடப் பல மடங்கு துல்லியமானது. எஃகு வால் கொண்ட சீப்புகளை அழகு நிலையங்களில் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்; குழந்தை திடீரென்று தலையைத் திருப்பும் வீட்டுச் சூழலில், முனை உருண்ட பிளாஸ்டிக் வாலே பாதுகாப்பானது. சிக்கெடுக்க இந்தச் சீப்பைப் பயன்படுத்தவே கூடாது. அதன் பற்கள் நெருக்கமானவை. சிடுக்கில் மாட்டினால் முடி அறுந்துவிடும். அகன்ற பல் கொண்ட சீப்பு தனியாக வேண்டும், அது இந்தத் தொகுப்பில் இல்லை. ஈரத்தில் முடி அதிகமாக நீளும், எளிதில் அறுபடவும் செய்யும் என்பதால் நேர்முடிக் குழந்தைகளுக்குத் தலை நன்கு உலர்ந்தபின் சிக்கெடுப்பதே முறை; மாறாக, சுருட்டை முடிக்கு ஈரத்தில் கண்டிஷனர் தடவிச் சிக்கெடுப்பது எளிது. கிளிப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஒரு பக்கம் பின்னும்போது மறுபக்க முடி குறுக்கே வராமல் பார்த்துக்கொள்கின்றன, அடர்ந்த முடியையும் நழுவவிடாமல் பிடிக்கின்றன.

சிறு ரப்பர் பேண்டுகள் ஏமாற்றமளித்தன. நம் வீடுகளில் குழந்தையின் தலையில் எண்ணெய் இல்லாத நாள் குறைவு. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறித் தளர்ந்து, சில நாட்களில் இற்றுவிடுகிறது. கழற்றும்போது அவை முடியையும் பிடுங்கிக்கொண்டு வருவதால், இழுத்துக் கழற்றாமல் சிறு கத்தரியால் நறுக்கி எடுப்பதே நல்லது. பின்னலின் நுனிக்குத் துணி சுற்றிய மெல்லிய பேண்டு எல்லா வகையிலும் மேல். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்தச் சிறு வளையங்களைத் தரையில் விடாமல் எண்ணி எடுத்து வைப்பது அவசியம். வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் அளவுதான் அவை.

பிளாஸ்டிக் பின்னல் கருவிகளை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். கொக்கிகளில் மூன்று கால்களையும் மாட்டிவைத்துவிட்டால் கை ஓய்வாக இருக்கும் என்பது அவற்றின் உத்தரவாதம். மெல்லிய முடியில் அது ஓரளவு நடக்கலாம். என் மகளுக்கு இருப்பதைப் போன்ற அடர்ந்த, எண்ணெய் வைத்த முடி கொக்கியில் நிற்பதில்லை. நிற்கும் இடத்திலும், கருவியின் தடிமன் காரணமாகக் கால்கள் தலையை விட்டு விலகியே நிற்கின்றன. விரல்கள் தலைத் தோலை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பின்னலின் உயிரான விதி. கை விலக விலகப் பின்னல் தொளதொளத்துக்கொண்டே போகும். பிறகு நுனியில் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அது சீராகாது. ஆக, இந்தக் கருவி பழக வேண்டிய விதிக்கு நேர் எதிரான பழக்கத்தையே கைக்கு ஏற்றுகிறது.

விளக்கத் தாளில் படங்கள் தெளிவாக இருக்கின்றன. மூன்று கால்களுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்திருப்பது பாராட்டத்தக்கது. ஆயினும் புதிய பட்டையை எந்த விரலால், எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. நெற்றியோரத்திலிருந்து நடு வகிடுவரை, ஏறத்தாழ ஒரு விரல் அகலத்திற்குப் பட்டை எடுக்க வேண்டும் என்பதையும், இரு பக்கத்துப் பட்டைகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதையும் இணையக் காணொளிகளிலிருந்தே தெரிந்துகொண்டேன். காணொளிகளும் முழுமையானவை அல்ல. முன்பக்கக் கேமராவில் எடுத்த பலவற்றில் இடமும் வலமும் மாறித் தெரிகின்றன. பெரும்பாலானவற்றில் மாதிரியாக இருப்பவரின் முடி ஏற்கெனவே சிக்கெடுத்து, சூடான கருவியால் நேராக்கப்பட்டது. தன் தலையில் தானே பின்னிக் காட்டுவோரின் காணொளியைத் தவிர்த்து, குழந்தையின் பின்னால் நிற்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுத்த காணொளியைத் தேடிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும்.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் கற்றுத்தந்தது, எங்கள் பகுதியிலுள்ள ஓர் அழகு நிலையத்தை நடத்தும் அக்கா, என் மகளின் தலையிலேயே சொல்லிக்கொடுத்த ஒரு பிற்பகல். அதற்கு அவர் பெற்றுக்கொண்ட தொகை தொகுப்பின் விலையில் பாதிகூட இல்லை. அவர் தம் கையை என் கையின் மேல் வைத்து, பட்டையை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை நேரடியாக உணர வைத்தார். முடி விரலில் நழுவாத அளவு, நெற்றித் தோல் மேலெழாத அளவு. இவ்விரண்டுக்கும் இடையில்தான் சரியான இழுவை இருக்கிறது. பொம்மையின் ரப்பர் தோல் எவ்வளவு இழுத்தாலும் எழுவதில்லை என்பதால் இந்த எல்லை அங்கே தெரிய வழியே இல்லை. அவர் சொல்லித்தந்த இன்னொரு நுணுக்கமும் எந்தத் தாளிலும் இல்லாதது: பிடரியை நெருங்கும்போது குழந்தை தலையைக் குனிந்திருந்தால் நமக்குப் பின்ன வசதியாக இருக்கும், ஆனால் அவள் நிமிர்ந்ததும் அந்த இடத்து முடி தளர்ந்து பை போலத் தொங்கும். முகவாயைச் சற்றே உயர்த்தச் சொல்லிவிட்டுப் பிடரிப் பகுதியைப் பின்னினால் நாள் முழுவதும் அந்த இடம் படிந்தே இருக்கிறது.

இழுவையைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவது அழகுக்காக மட்டும் அல்ல. இறுக்கமான கட்டு முடியின் வேரைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருந்தால், நெற்றியோரமும் நெற்றிப்பொட்டும் மெல்ல வழுக்கையாகும் நோய் 1907-ஆம் ஆண்டிலேயே, கூந்தலை இறுக்கிக் கட்டும் வழக்கமுடைய கிரீன்லாந்து மக்களிடம் கண்டறியப்பட்டு மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. தொடக்க நிலையில் கட்டைத் தளர்த்திவிட்டால் முடி திரும்ப முளைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வேர்ப்பை தழும்பாகி, அங்கே மீண்டும் முடி வருவதில்லை. இறுக்கிக் கட்டிய முடியால் வரும் தலைவலிக்கு, 2018-இல் வெளியான பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பில் தனி இடமே உண்டு. கட்டை அவிழ்த்த ஒரு மணி நேரத்திற்குள் அது தணிந்துவிடும் என்பது அதன் அடையாளம். ஆகவே, பள்ளியிலிருந்து வந்ததும் தலை வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் பின்னலையும் சந்தேகிக்க வேண்டும். நெற்றியோரத்தில் சிறு சிவந்த பருக்களோ அறுந்த குட்டை முடிகளோ தென்பட்டால் சில வாரங்களுக்குப் பின்னலையே நிறுத்திவைப்பது நல்லது. பின்னி முடித்ததும் குழந்தையைப் புருவத்தை உயர்த்தச் சொல்லிப் பார்க்கிறேன். அவளுக்கு நெற்றி இழுப்பது போல் தோன்றினால் முன்பக்க மாற்றுகளைச் சீப்பின் வாலால் மெல்ல நெகிழ்த்திவிடுகிறேன். இரவில் பின்னலோடு அவளை உறங்க விடுவதில்லை.

எண்ணெயின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைக்குக் குளித்த அன்றே பின்னினால் முடி வழுக்கிக்கொண்டு போகிறது. மறுநாள் பின்னுவது எளிது. உள்ளங்கையில் சில துளி தேங்காய் எண்ணெயைத் தேய்த்து முடியின் மேல் தடவினால் பூனைமுடிகள் பட்டையோடு படிந்துவிடுகின்றன. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் முடித்தண்டின் உள்ளே ஊடுருவக் கூடியது. தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்கள் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று காட்டியது. ஆனால் வழிய வழிய வைத்தால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன. பள்ளி நாளில் துளிகளோடு நிறுத்திக்கொண்டு, நிறைய வைப்பதை வார இறுதிக்கு ஒத்திவைப்பது நலம்.

பள்ளி விதிக்கு இந்தப் பின்னல் ஒத்துவருமா என்று பலரும் கேட்பார்கள். சடையை மடித்து ரிப்பன் கட்டச் சொல்லும் பள்ளிகளிலும் தடையில்லாமல் ஒத்துவருகிறது. நேர்வகிடு எடுத்து இருபுறமும் பிரெஞ்ச் பின்னலாகத் தொடங்கி, பிடரிக்கு வந்ததும் ரிப்பனை இரண்டாக மடித்து, அதன் இரு முனைகளையும் இரு பக்கக் கால்களோடு சேர்த்துப் பின்னிக்கொண்டு போனால், நுனியில் ரிப்பன் தயாராக நிற்கும்; சடையை மேலே மடித்து அதிலேயே பூ முடிச்சுப் போட்டுவிடலாம். தோளைத் தொடும் நீளமாவது முடிக்கு இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையானால், அல்லது படிப்படியாகக் கத்தரித்த முடியானால், பின்னலிலிருந்து நுனிகள் எட்டிப் பார்க்கும். முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், நீளம் போதாதவர்கள் சில மாதங்கள் பொறுத்திருந்து தொடங்கலாம்.

ஆக, யார் வாங்கலாம்? குழந்தை உட்காரவே மறுக்கும் வீட்டிலும், மூன்று கால் பின்னலே இன்னும் கைவராதவருக்கும், தலை உள்ள தொகுப்பு நல்ல தொடக்கம். கருவிகள் சேராத, குறைந்த விலைத் தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தால் போதும். சாதாரணச் சடை ஏற்கெனவே நன்றாக வருபவர்கள் கூர்வால் சீப்பையும், அகன்ற பல் சீப்பையும், நான்கு கிளிப்புகளையும், துணி சுற்றிய பேண்டுகளையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். அருகிலுள்ள பேன்ஸி ஸ்டோரிலோ, சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனையைச் சுற்றிய தெருக்களில் அழகு நிலையப் பொருட்கள் விற்கும் கடைகளிலோ, தொகுப்பின் விலையில் ஒரு சிறு பங்குக்கே இவை அனைத்தும் கிடைத்துவிடும். மிச்சமாகும் பணத்தைத் தெரிந்த அழகுக்கலைஞர் ஒருவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளச் செலவிடலாம். தலையோடு வாங்குவதென்று முடிவு செய்தவர்கள், மேசைப் பலகையின் தடிமனை முதலில் அளந்துகொண்டு, பிடி எவ்வளவு விரியும் என்பதை விற்பவரிடம் கேட்டு உறுதி செய்தபின் பணம் கட்டுங்கள்.